டெல்லியில் நான்கு நாள்: பதினான்கு இடங்களில் எதை விடுவது?

டிசம்பர் கடைசியில் அப்பா, அம்மா, பத்து வயது மகளோடு டெல்லி வருகிறீர்கள். வியாழன் இரவு வந்து இறங்கி, திங்கள் இரவு எட்டரை மணி விமானத்தில் திரும்புகிறீர்கள். கையில் முழுதாக நான்கு நாள். பட்டியலில் ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி எல்லாம் சேர்த்துப் பதினான்கு இடங்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. நான்கு நாளைக்கும் ஒரு காரைப் பேசிவிட்டால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா, எந்த வரிசையில் போவது என்று கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்குப் பதில், முடியாது. இரண்டாவது கேள்வியைப் படிக்கும்போது, எதை விட்டால் ஊருக்குப் போனபின் மனசு அடித்துக்கொள்ளாது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பழைய கட்டடங்களைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் படிப்பைப் படித்தவன், டெல்லியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும், அதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு. முதல் தடவை அத்தையும் மாமாவும் வந்தபோது ஒரே நாளில் ஆறு இடம் காட்டினேன். சாயங்காலம் ஹுமாயூன் கல்லறைக்கு வந்து சேர்ந்தபோது, மேடைக்கு ஏறும் அந்த உயரமான படிகளைப் பார்த்துவிட்டு அத்தை கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றார். அதற்கப்புறம் எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் வைத்ததில்லை. டெல்லியை ஒரே ஊர் என்று நினைக்காதீர்கள். எட்டு நூறு வருடத்தில் ஒவ்வொரு அரசரும் பக்கத்து மேட்டில் புதிதாக ஒரு ஊரைக் கட்டிக்கொண்டு போனதால் ஒன்றிலிருந்து இன்னொன்று பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் இன்றைய டெல்லியின் போக்குவரத்து நெரிசல்.

முதலில் கிழமைக் கணக்கு, ஏனென்றால் உங்கள் திட்டம் அங்கேயே இடிக்கிறது. வெள்ளிக்கிழமை ஆக்ரா என்று போட்டிருக்கிறீர்கள். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்கு மூடல். திங்களன்று செங்கோட்டையும் அக்ஷர்தாமும் என்று போட்டிருக்கிறீர்கள், இரண்டுமே திங்கள் மூடல். தாமரைக் கோயிலும் தேசிய அருங்காட்சியகமும் அப்படித்தான். சாந்தினி சௌக்கை ஞாயிறு வைத்திருக்கிறீர்கள், அன்றைக்கு மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலானவை ஷட்டர் போட்டிருக்கும், நீங்கள் பார்க்க ஆசைப்படும் மசாலா மண்டியும் சேர்த்து. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம் மூன்றுக்கும் இந்தக் கிழமைத் தொல்லை இல்லை. ஆக, கட்டம் தானாகவே விழுகிறது: வெள்ளி ஹுமாயூனும் லோதியும், சனி செங்கோட்டையும் பழைய டெல்லியும், ஞாயிறு ஆக்ரா, திங்கள் குதுப் மினார் இருக்கும் மெஹ்ரௌலி. மெஹ்ரௌலி தெற்கே இருப்பதால் அங்கிருந்து விமான நிலையம் போவதும் சுலபம்.

அடுத்தது பருவம். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இறங்கிவிடும். அதனால் மாலை ஐந்து மணிக்கு லோதி தோட்டம் என்ற கணக்கெல்லாம் செல்லாது. இரவில் ஐந்து, ஆறு டிகிரி வரை போகும், வெயில் வந்தால் பகலில் இருபது. மூடுபனி என்றைக்கு விழும் என்று ஒரு வாரம் முன்னால் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. விழுந்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், அதிகாலை விமானங்களும் தடுமாறும், இது மட்டும் உறுதி. காற்று மாசும் அந்த மாதத்தில் அதிகம். வீட்டில் யாருக்காவது இழுப்போ இருதயக் கோளாறோ இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் அவர்களுடைய டாக்டரிடம் கேளுங்கள், அது நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. பள்ளி விடுமுறைக்காகத்தான் டிசம்பர் என்பது புரிகிறது. ஆனால் என்றைக்காவது தேதி உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை வாருங்கள், இந்த ஊர் அப்போதுதான் மிக அழகாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை நிதானமாக ஆரம்பியுங்கள், முந்தின இரவு வந்த களைப்பு இருக்கும். பத்து மணிக்கு ஹுமாயூன் கல்லறைக்குப் போனால் போதும். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேராக நடப்பார்கள், நீங்கள் வலது பக்கம் திரும்பி முதலில் ஈசா கான் கல்லறையைப் பாருங்கள். 1547-இல் கட்டியது, எட்டு மூலை, தாழ்வான, அடக்கமான கட்டடம். அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ஹுமாயூனுடையதைப் பார்த்தால், இருபத்துச் சொச்சம் வருடத்தில் என்ன நடந்துவிட்டது என்று திகைப்பு வரும். அவருடைய மனைவி பேகா பேகம் கட்டுவித்தது, பாரசீகக் கட்டடக் கலைஞர் மீராக் மிர்ஸா கியாஸ் வடிவமைத்தது, 1570 வாக்கில் முடிந்தது. நான்காக வகுத்த தோட்டம், அதற்கு நடுவே உயரமான மேடை, மேடை மேல் கல்லறை, அதன் தலையில் இரட்டைக் கவிகை, அதாவது இரட்டைக் குவிமாடம். வெளியே தெரியும் கவிகைக்கும் உள்ளே அண்ணாந்து பார்த்தால் தெரியும் கூரைக்கும் நடுவில் வெற்றிடம். வெளியிலிருந்து கம்பீரமாகவும் தெரிய வேண்டும், உள்ளே நிற்பவருக்குக் கூரை எட்டாத உயரத்தில் போய்விடவும் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எண்பது வருடம் கழித்துத் தாஜ்மகாலிலும் இதே உத்திதான். ஞாயிறு தாஜைப் பார்க்கும்போது உங்கள் மகளுக்கே இது ஞாபகம் வரும், இந்த வரிசையில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா மேடை ஏற வேண்டாம். கீழே தோட்டத்தில் நின்று பார்த்தாலே முக்கால்வாசி கிடைத்துவிடும், கட்டடத்தின் முழு அளவு தூரத்திலிருந்துதான் கண்ணுக்குப் பிடிபடும். 1857 கலகம் தோற்றபின் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஸஃபர் வந்து ஒளிந்ததும், ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இதே இடத்தில்தான். வளாகத்தின் ஓரத்தில் இருக்கும் இன்னொரு சிறு கல்லறையை நாவிதன் கல்லறை என்று காட்டுவார்கள். பெயர் அப்படி நிலைத்துவிட்டதே தவிர, உள்ளே இருப்பது யார் என்று நிரூபணம் இல்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு லோதி தோட்டம். பக்கம்தான், கட்டணம் இல்லை, அம்மா அப்பா வெயிலில் புல்தரையில் உட்காரட்டும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் மட்டும் சிக்கந்தர் லோதி கல்லறை வரை நடந்து வரலாம். அன்று மாலை ஆர்.கே. புரத்து மலை மந்திர். குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி கோயில், 1973-இல் கும்பாபிஷேகம் ஆனது, நம்மூர்ப் பாணியில் கருங்கல்லில் கட்டியது. டெல்லித் தமிழர்கள் காசு சேர்த்து எழுப்பிய கோயில், வெள்ளிக்கிழமை மாலையில் போனால் ஊர்க் கோயில் மாதிரியே இருக்கும். படி ஏற வேண்டும், ஆனால் அதற்கு அப்பா முழங்கால் வலியைச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காரை விட்டுவிடுங்கள். செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை போகும் சாந்தினி சௌக் சாலையில் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காரை எங்கோ நிறுத்திவிட்டு நடப்பதற்கு மெட்ரோ எவ்வளவோ மேல், லிஃப்ட் உண்டு, ஊதா வழித்தடத்தில் லால் கிலா (செங்கோட்டையின் இந்திப் பெயர்) என்றே நிலையம் இருக்கிறது. கரோல் பாகில் தங்கினால் நீல வழித்தடத்தில் ஏறி மண்டி ஹவுஸில் மாறிக்கொள்ளலாம். ஹோட்டல் பெயர் என்னிடம் கேட்காதீர்கள், இங்கேயே வீடு இருப்பதால் நான் எதிலும் தங்கிப் பார்த்ததில்லை. மெட்ரோ நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், சோதனை வரிசை நீளும். டிக்கெட்டை முந்தின நாளே செல்போனில் எடுத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம், பதினைந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏமாற்றமாக இருக்கும். 1639-இல் ஷாஜகான் ஆரம்பித்து 1648-இல் குடிபுகுந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்ளே இருந்த கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் பட்டாளத்துக்குக் குடியிருப்பு கட்டினார்கள். பளிங்கு மண்டபங்களுக்குப் பக்கத்தில் சம்பந்தமே இல்லாமல் நிற்கும் நீளமான மாடிக் கட்டடங்கள் அவைதான். அரசர் முக்கியமானவர்களை மட்டும் சந்திக்கும் மண்டபமான திவான்-இ-காஸ், மயிலாசனம் இருந்த இடம், இன்னும் இருக்கிறது. ஆசனம் 1739-இல் டெல்லியைக் கொள்ளையடித்த பாரசீக அரசர் நாதிர் ஷாவோடு போய்விட்டது. அதே திவான்-இ-காஸில்தான் 1858-இல் ஸஃபரை நிறுத்தி விசாரித்து ரங்கூனுக்கு அனுப்பினார்கள். தாத்தா பாட்டன் கொலுவிருந்த மண்டபத்தில் கைதியாக நின்றார் அந்தக் கிழவர். எத்தனை தடவை போனாலும் அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

ஆங்கிலேயர் கட்டிய அந்தக் குடியிருப்பு ஒன்றில் நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும் அருங்காட்சியகம் இருக்கிறது. 1945-46 விசாரணை இந்தக் கோட்டையில் நடந்தது. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தவர்கள், அதனால் நம்மவர்கள் அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம்.

கோட்டையை விட்டு வெளியே வந்ததும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடியுங்கள், வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். இந்தத் தெரு ஷாஜகானின் மகள் ஜஹனாரா வகுத்தது, நடுவில் கால்வாய் ஓடியது. அந்தத் தண்ணீரில் நிலா தெரிந்ததால் சாந்தினி சௌக் என்று பெயர் வந்தது என்பார்கள். கால்வாய் உண்மை, பெயர்க் காரணம் வழிவழியாகச் சொல்லி வருவது. ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் சமணர்களின் லால் மந்திர், சிவன் கோயில், சீஸ்கஞ்ச் குருத்வாரா, ஃபதேபுரி மசூதி எல்லாம் வந்துவிடும். சீஸ்கஞ்ச், 1675-இல் சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்ட இடம். உள்ளே போகத் தலையை மூட வேண்டும், செருப்பை விட வேண்டும், வாசலில் கால் நனைக்கும் தண்ணீர்த் தடத்தைக் கடக்க வேண்டும். டிசம்பரில் அந்தத் தண்ணீரும் அதன் பிறகு கால் வைக்கும் பளிங்கும் எலும்பு வரை குத்தும். சாக்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடந்துவிட்டு, காலைத் துடைத்து மறுபடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஜாமா மசூதியிலும் பெரிய முற்றத்தைச் செருப்பில்லாமல்தான் கடக்க வேண்டும். பெரியவர்கள் இருவருக்கும் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஸ்வெட்டரை விட இது முக்கியம்.

தெருவின் கோடியில் நீங்கள் கேட்ட மசாலா மண்டி, காரி பாவ்லி. மூட்டை மூட்டையாக மிளகாய், மஞ்சள், ஏலம், உலர்பழம். மிளகாய் மூட்டை கைமாறும் சந்துக்குள் நுழைந்த நொடியே தொண்டை கமறும், வியாபாரிகளே இருமிக்கொண்டுதான் விலை பேசுவார்கள். அப்பா அம்மாவை ரிக்‌ஷாவிலேயே உட்காரவைத்து ஒரு சுற்று வந்தால் போதும். ஜாமா மசூதிக்குத் தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். வாசல் படிகள் முப்பதுக்கு மேல், அகலமானவை, நின்று நின்று ஏறலாம். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள்.

ஞாயிறு ஆக்ரா. டிசம்பர் கடைசி ஞாயிறு, கூட்டம் அம்மும், அதை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும். உங்கள் அம்மா "தாஜ்மகாலைப் பார்க்காமல் என்ன டெல்லி" என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள், அதனால் இதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விடிகாலை தாஜ் என்ற ஆசையை விடுங்கள். பனி விழுந்தால் எதிரே நிற்கும் வாசல் கூடத் தெரியாது, பத்து, பதினொரு மணிக்கு மேல் வெயில் வந்து திரை விலகும். காரில் விடியுமுன் கிளம்பி விரைவுச் சாலையில் போவதும் வேண்டாம். மூடுபனியில் அந்தச் சாலையில் அடுக்கடுக்காக விபத்து நடப்பது வருடா வருடம் செய்தியாக வரும். நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்கு மேல் கதிமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, நூறு நிமிடம், மாலையில் அதே ரயிலில் திரும்பலாம். இருக்கைக்கு இப்போதே முன்பதிவு செய்யுங்கள். புது டெல்லி, பழைய டெல்லி, நிஜாமுதீன் மூன்றும் வெவ்வேறு நிலையங்கள், டிக்கெட்டில் எது என்று இரண்டு தடவை பாருங்கள். ரயில் தாமதமானாலும் திங்கள் பகல் முழுக்க உங்களுக்கு மிச்சம் இருக்கிறது. அதனால்தான் ஆக்ராவைக் கடைசி நாளில் வைக்கவில்லை.

தாஜின் பிரதான கல்லறைக்குள் போகத் தனியாக 200 ரூபாய். வாசல் வரை பேட்டரி வண்டி கிடைக்கும். ஃபதேபூர் சிக்ரியைத் தயங்காமல் அடித்துவிடுங்கள், ஆக்ராவைத் தாண்டி இன்னும் நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும், குளிர்காலப் பகல் அதற்குப் போதாது. மிஞ்சும் நேரத்தில் யமுனைக்கு அக்கரையில் இருக்கும் இதிமாத்-உத்-தௌலா. நூர்ஜகான் தன் அப்பாவுக்காகக் கட்டி 1628-இல் முடித்தது, சின்னது, கூட்டம் குறைவு. சுவரில் கையகல இடம் விடாமல் வண்ணக் கல் பதித்திருப்பார்கள். சைப்ரஸ் மரம், பூச்சாடி, கழுத்து நீண்ட மதுக்குடுவை எல்லாம் தெரியும். கண்ணைச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு இதழுக்குள்ளேயே கல்லின் நிறம் மாறுவது தெரியும். தொடாமல் பாருங்கள்.

திங்கள் மெஹ்ரௌலி. அன்று மட்டும் நாள் முழுக்கக் கார் பேசுங்கள், அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளை அதில் வைத்துக்கொள்ளலாம். குதுப் மினாரின் உயரம் 72.5 மீட்டர், மேலே ஏற முடியாது. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து நெரிசலில் 45 பேர் இறந்துபோனார்கள், நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள், அதன் பிறகு மூடியது மூடியதுதான். பக்கத்து மசூதி 27 கோயில்களின் கற்களைக் கொண்டு எழுப்பியது என்று அதன் வாசல் கல்வெட்டே சொல்கிறது, தூண்களில் மணியும் சங்கிலியும் கும்பமும் இன்னும் தெரியும். கோபுரம் வெற்றிச் சின்னமா, பாங்கு சொல்லக் கட்டியதா, குதுப் என்ற பெயர் அதைக் கட்டத் தொடங்கிய சுல்தான் குத்புதீன் ஐபக்கைக் குறிக்கிறதா, சூஃபி ஞானி பக்தியார் காக்கியைக் குறிக்கிறதா என்பதிலெல்லாம் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதனால் வழிகாட்டி ஒரே பதிலை அடித்துச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முற்றத்தில் இருக்கும் இரும்புத் தூண் 1,600 வருடப் பழசு, அதில் வரும் "சந்திர" என்ற அரசர் இரண்டாம் சந்திரகுப்தர் என்பதைப் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். எங்கிருந்து இங்கே வந்தது என்பதில்தான் சண்டை. துருப்பிடிக்காததற்குக் காரணம் இரும்பில் இருக்கும் பாஸ்பரஸ் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குவது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதினார்.

இங்கே மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மசூதியின் முன்னால் நிற்கும் உயரமான வளைவுகளில் கல் எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாக் கல்லும் படுக்கையாகவே இருக்கும், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையை விடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டே போய் உச்சியில் சேரும். தூண் நட்டு உத்தரம் வைத்தே பழகிய உள்ளூர்க் கல்தச்சர்களிடம் வளைவு வேண்டும் என்று கேட்டபோது, தங்களுக்குத் தெரிந்த முறையிலேயே வளைவின் உருவத்தைச் செய்து கொடுத்தார்கள். நம்மூர்க் கோயில் மண்டபங்களும் தூணும் உத்தரமும்தான் என்பதால் இது நமக்குச் சட்டென்று புரியும். அப்புறம் பக்கத்து மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவுக்குள் போய், இடிந்து கிடக்கும் டெல்லி சுல்தான் பல்பனின் கல்லறையைக் காட்டுங்கள். 1280-களின் கடைசியில் கட்டியது. அங்கே வளைவில் கற்கள் ஆப்பு வடிவத்தில் விசிறி மாதிரி நிற்கும், ஒன்றையொன்று நெருக்கித் தாங்கிக்கொண்டு. இந்தியாவில் இன்று மிஞ்சியிருக்கும் உண்மையான வளைவுகளில் மிகப் பழையது இது என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. இடையில் தொண்ணூறு வருடம். குதுப் வளாகத்தில் இருக்கும் அலாய் தர்வாஸா என்ற நுழைவாயில் 1311, அங்கே வளைவும் கவிகையும் கைவந்துவிட்டன. இந்த மூன்றையும் பார்த்தால் வெள்ளிக்கிழமை பார்த்த ஹுமாயூன் கல்லறை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கும். குதுப் வளாகம் பெரும்பாலும் சமதரை, அப்பா நடந்துவிடுவார். பூங்காவில் பாதை மேடு பள்ளம், ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணற்றுக்குள் படி இறங்க வேண்டும். பெரியவர்களைக் குதுப் வளாகத்தில் வெயிலில் உட்காரவைத்துவிட்டு, நீங்களும் மகளும் ஒரு மணி நேரத்தில் போய் வந்துவிடலாம்.

ஆக, அடிபடுவது அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், ஃபதேபூர் சிக்ரி, துக்ளகாபாத், ஜந்தர் மந்தர். இவற்றில் துக்ளகாபாதை விடச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, 1321-இல் ஆரம்பித்த கோட்டை, வெறும் பாறையும் காற்றும், ஆனால் முழங்கால் வலியோடு போகிற இடம் இல்லை. வழியில் யாராவது வந்து உங்கள் ஹோட்டல் மூடிவிட்டது, அந்தப் பக்கம் கலவரம், இந்த அலுவலகத்தில் டிக்கெட் எடுங்கள் என்று சொன்னால் நிற்காமல் நடங்கள், ரயில் நிலையங்களைச் சுற்றி இது பழைய தந்திரம். திங்கள் மாலை நான்கரைக்கு மெஹ்ரௌலியிலிருந்து கிளம்பிவிடுங்கள். தூரம் குறைவுதான், ஆனால் அந்த நேரத்து நெரிசலை நம்ப முடியாது, விமான நிலையத்து வாசல் வரிசையும் அந்த வாரத்தில் நீளமாக இருக்கும்.